அம்சவல்லியின் அளவு

அம்சவல்லி தன் இடது மார்பைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கட்டி என்றார்கள், புற்று என்றார்கள், எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். எடுத்தார்கள், உயிரும் தங்கியது. அதற்கு மேல் ஒரு பொம்பளைக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று சொந்தபந்தம் கேட்டது. சொந்தபந்தத்துக்கு என்ன, வாய் இருக்கிறது, கேட்கும். காலையில் ரவிக்கை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறவள் அவளல்லவா!

இல்லாத பக்கத்துக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். பழைய வேட்டித் துணியில் உருண்டையாக ஒரு பை தைத்து, கேழ்வரகை நிரப்பி, வாயை மூடித் தைத்து, பாடிக்குள் வைத்துக்கொள்வாள். முதலில் பஞ்சுதான் வைத்துப் பார்த்தாள். கனமில்லாமல் அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக் கழுத்துக்கு வந்துவிட்டது. அரிசி குத்தியது. கேழ்வரகுதான் சொன்ன இடத்தில் சொன்னபடி உட்கார்ந்தது. ஒரே தொந்தரவு, மழையில் நனைந்தால் மறுநாளே முளை விட்டுவிடும். வெயில் காலத்தில் வியர்வையில் புளித்துப்போகும். எப்படியும் மாதத்துக்கு ஒரு முறையாவது பையைப் பிரித்துப் புதுத் தானியம் போட வேண்டியிருந்தது.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் அவளுக்கு வேலை. சூளையில் வெந்து வந்த பொம்மைகளுக்குக் கண் எழுதுவது, உதடு எழுதுவது, ரவிக்கைக்குச் சாயம் பூசுவது அவள் பாடு. அதே கம்பெனியில் அவள் புருஷன் ஆதிநாராயணன் மாடல் மேஸ்திரி. குடம் சுமக்கிறவள், விளக்கு ஏந்துகிறவள், கிளியோடு நிற்கிறவள் என்று எந்தப் பொம்மையானாலும் முதல் உருவத்தை அவர்தான் செய்வார். அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பதும் அவரே. அந்த அச்சில் களிமண் குழம்பை ஊற்றித்தான் மற்றவர்கள் நூறு நூறாகப் பொம்மை எடுப்பார்கள்.

ஒரு பொம்மைக்கு ஒரு பக்கம் அமுங்கியிருந்தால், மூக்கு நுனி உடைந்திருந்தால், அதை 'செகண்ட்ஸ்' என்று ஒதுக்கி ஷெட்டுக்குப் பின்னால் போட்டுவிடுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அம்சவல்லி அந்தக் குவியல் பக்கம் போவதேயில்லை. ரவிக்கைச் சாயம் பூசுகிற வேலையையும் தன்னோடு உட்காரும் பூவாயியிடம் தள்ளிவிட்டுக் கண் மட்டும் எழுதினாள். தானும் செகண்ட்ஸ்தான் என்று அவளுக்குள் ஒரு நினைப்பு விழுந்துவிட்டிருந்தது. அவளை ஒதுக்கி வைத்தது யார் என்று கேட்டால், ஆதிநாராயணன் என்றுதான் மனசு சொல்லும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் அவளைச் சரியாக ஏறிட்டுப் பார்த்ததில்லை. அவள் புடவை மாற்றினால் வெளியே போய் நிற்பார். படுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். மகன் திண்டிவனம் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் இரண்டே பேர், அதிலும் ஒருவர் சுவரைப் பார்த்தபடி.

தொண்ணூற்றாறாம் வருஷம் தை மாதம் கருவேப்பிலங்குறிச்சியில் ஆதிநாராயணனின் அக்கா ஆராயி தன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தாள். ஆதிநாராயணன் தாய்மாமன், சீர் அவருடையது. மாமன் பெண்டாட்டி முன்னால் நின்று ஆலம் சுற்ற வேண்டும். அம்சவல்லி பட்டுப்புடவை கட்டி, ஆலத் தட்டை எடுத்துக்கொண்டு குனிந்தாள். குனிந்த வேகத்தில் பையின் தையல் விட்டுப்போயிற்று.

கேழ்வரகு சரசரவென்று கொட்டியது. ஆலத் தட்டில் கொட்டியது, பெண்ணின் மடியில் கொட்டியது, சீர்த் தட்டில் இருந்த வாழைப்பழத்தின்மேல் கொட்டியது. ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இது மாமன் வீட்டு வழக்கமோ என்று வீடியோ எடுத்தவன்கூடக் கிட்டே வந்து விளக்கைப் பிடித்தான்.

ஆராயிக்குப் புரிந்துவிட்டது. "அட்சதைன்னு அரிசி போடுவாங்க, கேவுரு போடுறவள இப்பத்தான் பாக்குறேன்," என்று அவள் உரக்கச் சொன்னாள். "இந்த வயசுல யாருக்குக் காட்டணும்னு மூட்டைய கட்டிக்கினு வந்தாளோ!"

பொம்பளைகள் சிரித்தார்கள். ஆண்கள் சிரிக்காத மாதிரி சிரித்தார்கள். அம்சவல்லி முந்தானையை அள்ளிப் பிடித்துக்கொண்டு புருஷனைத் தேடினாள். ஆதிநாராயணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் பஸ்ஸிலும் அவர் ஜன்னலைத்தான் பார்த்தார். அவள் ரவிக்கைக்குள் மிச்சமிருந்த தானியம் குலுங்கலுக்கு ஒவ்வொன்றாக உதிர்ந்து மடியில் விழுந்துகொண்டே வந்தது. அன்றைக்கு அவள் பட்ட அவமானம் எதிரிக்கும் வேண்டாம்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் யாரோடும் பேசவில்லை.

கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வாரப் பத்திரிகை படிப்பார்கள். எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் பாரதி. புதிதாகச் சேர்ந்த பெண். கேபிள் டிவி வந்ததிலிருந்தும், நம் நாட்டுப் பெண்கள் உலக அழகிப் பட்டம் வாங்கியதிலிருந்தும் பத்திரிகைகளுக்கு அழகைத் தவிர வேறு பேச்சில்லை. கடைத்தெருவில்கூட ஒரு பியூட்டி பார்லர் வந்து, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே என்னதான் நடக்கிறது என்று ஊரே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

"யக்கா, இத கேளுங்க," என்றாள் பாரதி. "மூக்க நிமித்துறாங்களாம், வயித்த கொறைக்கிறாங்களாம். மாருகூட பெருசாக்குறாங்களாம். உள்ள பை வச்சு!"

"அய்ய, கருமம்!" என்றாள் பூவாயி. எல்லோரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பாரதி மேலே படித்தாள். "'அழகுக்காக மட்டுமல்ல, புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்களுக்கும் இந்தச் சிகிச்சை...'" அதோடு அவள் குரல் நின்றது. சிரிப்பும் நின்றது. யாரும் அம்சவல்லியைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து கஷ்டப்பட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

"ஏன் நிறுத்திட்ட? படிடி," என்றாள் அம்சவல்லி. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

அடுத்த சனிக்கிழமை, வருஷாந்தரப் பரிசோதனைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பூவாயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினாள். பொய்யில்லை, பரிசோதனையும் செய்துகொண்டாள். உடம்பு சுத்தமாக இருக்கிறது என்று சொன்ன டாக்டரிடமே விசாரித்து, டாக்டர் எஸ்தர் என்கிற பெண் டாக்டரின் நர்ஸிங் ஹோமுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

காத்திருக்கிற இடத்தில் இருந்தவர்களைப் பார்த்தபோது இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது. ஒருவருக்கும் நோயாளி முகம் இல்லை. முன்நெற்றி வழுக்கையைச் சீப்பால் மூடிக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு தாயும் மகளும். மகளுக்குப் பதினெட்டு வயசு இருக்கும். ஒல்லியாக, கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருந்தாள்.

"பொண்ணு பாக்க வந்தவங்க பலகைன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க," என்று தாய் தானாகவே சொன்னாள். "அதாலதான் இங்க கூட்டியாந்தேன். நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"முட்டி வலி," என்றாள் அம்சவல்லி.

பூவாயி திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். அம்சவல்லிக்கு அந்தத் தாயின்மேல் கோபம் கோபமாக வந்தது. இரண்டும் முழுசாக இருக்கிறபோது இன்னும் என்ன கேட்கிறது? பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். துப்பட்டாவை இரண்டு கையாலும் மார்போடு அழுத்திப் பிடித்தபடி குறுகி உட்கார்ந்திருந்தது அது. தானும் அதே மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் கோபம் போய்விட்டது.

டாக்டர் எஸ்தர் சுற்றி வளைக்கவில்லை. "பண்ணலாம்மா. ஆனா எல்லாத்தையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. தொட்டா உணர்ச்சி இருக்காது. சில வருஷம் கழிச்சு மாத்த வேண்டி வரலாம். வெளிநாட்டுல இந்தப் பையப் பத்திக் கேஸெல்லாம் நடக்குது, அதையும் மறைக்க மாட்டேன். புத்துநோய்க்கான செக்கப்ப எப்பவும் போல விடாமப் பண்ணணும். அந்தப் பக்கத்து அளவு பாத்துதான் இந்தப் பக்கத்துக்குப் பம்பாய்லேர்ந்து வரவழைக்கணும்." சொல்லிக்கொண்டே டேப்பை எடுத்து அளந்து குறித்துக்கொண்டார். "அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. கையெழுத்துக்கு மட்டும் இல்ல, அவருகிட்டயும் பேசணும்."

சீட்டுப் பணம் இருந்ததால் செலவைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் அந்த ஒரு மனிதரைப் பற்றித்தான். அவர் என்ன சொல்லுவார்? யாருக்குக் காட்டப் போகிறாய் என்று அவரும் கேட்டுவிட்டால், அதோடு முடிந்தது. அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டுவிட்டு அந்த வீட்டில் இருக்க முடியாது என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து, சோறு போட்டுக்கொண்டே தரையைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

ஆதிநாராயணன் பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. "மறுபடியும் கத்தியா?" என்றார்.

"ஆமாங்க."

"வலிக்குமே."

"கேவுரு கொட்டினத விடவா?"

அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவி, துண்டில் துடைத்து, துண்டை உதறிக் கொடியில் போட்டார். போகிற போக்கில், "அளவு எப்படி எடுத்தாங்க?" என்று கேட்டார்.

"டேப்பு வச்சுத்தான்."

"டேப்பா?" அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு உணர்ச்சி தெரிந்தது. அது தொழில்காரனின் எரிச்சல். "உருண்டையான சாமானுக்கு டேப்பு எப்படி அளவு சொல்லும்? ஞாயித்துக்கிழம வூட்டுலயே இரு. நான் அச்சு எடுத்துத் தரேன்."

அம்சவல்லி கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். சம்மதம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் சம்மதத்தை வேறு எப்படித்தான் சொல்வார்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆதிநாராயணன் தெருக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, வெளிச்சத்துக்காக மேல் ஜன்னலை மட்டும் திறந்து வைத்தார். கம்பெனியிலிருந்து பிளாஸ்டர் மாவு கொண்டுவந்திருந்தார். அவளை நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்லி, வலது பக்கத்தில் தேங்காயெண்ணெய் தடவினார். அச்சு ஒட்டாமல் வருவதற்கு. மாவை நீரில் தூவி, கட்டி தட்டாமல் கையால் அளைந்து, மோர் பதத்திலிருந்து தயிர் பதத்துக்கு வருகிற வரைக்கும் காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்பில் அவர் பார்வை இடது பக்கம் போனது. அம்சவல்லி சட்டென்று முந்தானையை இழுத்தாள்.

"இருக்கட்டும் வுடு," என்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "தையலு நல்லாத்தான் போட்டிருக்காங்க. நம்ம அச்சுலகூட இவ்ளோ சுத்தமா கோடு வராது," என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "மூணு வருசமா பாக்காதவருக்கு இன்னிக்குத்தான் கோடு தெரியுதா?"

"நீ பாக்கவுட்டியா? ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கே வெளக்க அணைச்சவ நீதான?"

"நான் அணைச்சா நீங்க போடக் கூடாதா?"

ஆதிநாராயணன் பிளாஸ்டரை அள்ளி வைக்க ஆரம்பித்தார். "பயமா இருந்துச்சு அம்சா. நான் பாத்தா நீ அழுவியோன்னு."

முதலில் சில்லென்றிருந்த பிளாஸ்டர் இறுக இறுகச் சூடேறியது. இறுகும்போது அது சுடும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை இதமாகச் சுடும் என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து வழிந்ததை அவர் பிளாஸ்டர் அப்பிய கையோடு துடைக்கப் பார்த்து, முகமெல்லாம் வெள்ளை ஆக்கிவிட்டார். இரண்டு பேருமே சிரித்தார்கள். அன்றிரவு அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஆதிநாராயணனுக்கு வேலையை அரைகுறையாக விட வராது. வெறும் அச்சைக் கொண்டுபோனால் டாக்டருக்கு என்ன தெரியும் என்று, அதில் பிளாஸ்டர் ஊற்றி உருவத்தையும் எடுத்தார். சாயங்காலங்களில் கம்பெனியில் தங்கி, அதற்குமேல் பூச்சுப் பூசி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளுக்கு முதல் நாள் அதைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தார்.

அவர் டீ குடிக்கப் போன சமயத்தில் அம்சவல்லி ஆசையோடு துணியைப் பிரித்துப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, குற்றம் சொல்ல முடியாத உருண்டை. கையில் ஏந்தினாள். மனசில் என்னவோ இடறியது. ரவிக்கைமேல் தன் வலது பக்கத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் போய் நின்று மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

பெரிசாக இருந்தது. ஐயத்துக்கு இடமில்லாமல் பெரிசாக இருந்தது.

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அச்சில் இருந்தது அவள் அளவு. அதற்கு மேல் பூசிப் பூசி வளர்த்தது அவர் கை. சாயங்காலம் சாயங்காலம் உட்கார்ந்து, டிவியில் ஆடுகிறவர்களைப் போல ஒன்றைச் செய்து கொண்டுவந்திருக்கிறார். ஆக இத்தனை வருஷக் குடித்தனத்தில், இரண்டும் இருந்த காலத்திலேயே, அவள் அவருக்குக் குறைச்சலாகத்தான் பட்டிருக்கிறாள். வைக்கிறதுதான் வைக்கிறோம், கொஞ்சம் பெரிசாக வைத்தால் என்ன என்று நினைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சூடு, அந்தக் கண்ணீர், அந்தச் சிரிப்பு எல்லாம் அவள் வாயில் கசந்துபோயின. உருவத்தைத் துணியில் சுற்றி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். கேட்டு, ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம் அவளுக்கு. டாக்டரிடம் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். கேழ்வரகே போதும். கேழ்வரகு அவளை யாரோடும் ஒப்பிடாது.

மறுநாள் பஸ்ஸில் இந்தத் தடவை அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆதிநாராயணன் மடியில் பொட்டலத்தைக் குழந்தைபோல் வைத்துக்கொண்டு, கடலை வேண்டுமா, தலை வலிக்கிறதா என்று கேட்டுப் பார்த்து ஓய்ந்துபோனார்.

டாக்டர் எஸ்தர் பொட்டலத்தைப் பிரித்ததும் வியந்துபோனார். "யார் செஞ்சது?"

"நான்தாங்க டாக்டரம்மா. டேப்பு சரியா வராதுன்னு..." ஆதிநாராயணன் கூச்சத்தோடு எழுந்து நின்றார்.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா..." டாக்டர் டேப்பை எடுத்து உருவத்தின்மேல் வைத்துப் பார்த்தார். போன தடவை குறித்ததையும் பார்த்தார். முகம் மாறியது. "நான் எடுத்த அளவ விடப் பெருசா இருக்கே. பெருசா வேணும்னு ரெண்டு பேரும் பேசிட்டு வந்திருக்கீங்களா? அப்படின்னா அந்தப் பக்கத்துக்கும் சேத்துப் பண்ணணும். இப்ப நிறைய பேர் கேக்குறாங்க, தப்பில்ல. ஆனா அத உங்க மனைவிதான் கேக்கணும், நீங்க கேக்கக் கூடாது."

"எனக்கு வேணாங்க," என்றாள் அம்சவல்லி. அடக்கிவைத்திருந்தது பொங்கிவிட்டது. "எனக்கு ஒண்ணுமே வேணாம். பெருசு அவருக்குத்தான் வேணும் போலருக்குது. என்னுது அவருக்கு என்னிக்குமே பத்தல போலருக்குது. இத்தன வருசம் கழிச்சு எனக்கு இப்பத்தான் தெரியுது."

ஆதிநாராயணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தில் திருட்டுத்தனம் ஒரு துளி இல்லை. ஒன்றும் விளங்காத முழி மட்டும்தான் இருந்தது.

"பெருசா? எதும்மா பெருசு? எட்டுல ஒரு பங்குதான வுட்டிருக்கேன்."

"என்ன எட்டுல ஒரு பங்கு?" என்றார் டாக்டர்.

"சுருக்கத்துக்கு வுடுறதுங்க. காயறப்ப கொஞ்சம் சுருங்கும், சூளையில வேவுறப்ப கொஞ்சம் சுருங்கும். மாடல எப்பவும் பெருசாத்தான் வைக்கணும். வெந்து வந்துச்சுன்னா டாண்ணு அம்சா அளவுக்கு..."

அந்த இடத்தில் அவர் வாய் நின்றுவிட்டது.

டாக்டர் எஸ்தர் சிரிப்பை அடக்க ரொம்பப் பாடுபட்டார். "ஆதிநாராயணன், நான் யாரையும் சூளையில வைக்கிறதில்லீங்க."

"அட, என் புத்திய..." என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இருபது வருஷமாக அவர் கையிலிருந்து போன எந்த உருவமும் சொந்த அளவில் போனதில்லை. பெண்டாட்டிக்குச் செய்தபோதும் கை தன்பாட்டுக்குப் பூசிவிட்டது, மனசைக் கேட்கவேயில்லை. "சத்தியமா அம்சா, ஒன்னோட அளவுக்குத்தான் செஞ்சேன். துளி கூட்டல, துளி கொறைக்கல. வெந்து வந்திருந்தா ஒனக்கே தெரிஞ்சிருக்கும்."

அம்சவல்லிக்குத் தெரியாத விஷயமா? சுருக்கத்துக்கு விடுவது என்பது அந்தக் கம்பெனியில் பெருக்குகிற ஆளுக்குக்கூடத் தெரியும். வெந்த பொம்மையாகவே கைக்கு வாங்கிப் பழகியதாலோ, ஆராயி போட்ட சூடு ஆறாததாலோ, அவளுக்கு அது தோன்றவே இல்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகியது. நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு டாக்டர் பொறுமையாக விளக்கினார். தோல் இறுகிக் கிடப்பதால் முதலில் ஒரு வெறும் பையை உள்ளே வைக்க வேண்டும். வாரா வாரம் ஊசி வழியாக உப்புத்தண்ணீர் ஏற்றி, தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிய வைக்க வேண்டும். மறுபக்கத்துக்குச் சரியாக வந்தபிறகு அதை எடுத்துவிட்டு நிலையானதை வைப்பார்கள்.

ஆதிநாராயணன் இதை மட்டும் கண்கொட்டாமல் கேட்டார். "எங்க வேலையில சுருங்குது, உங்க வேலையில விரியுது," என்று சொல்லிவிட்டு, பேனாவை வாங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது பழைய தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அவசரப்பட வேண்டாம், காலேஜை முடித்துவிட்டு யோசித்து வா என்று சொல்லியிருந்தாராம். தாய்க்குத்தான் மனசு கேட்கவில்லையாம்.

"ஒங்க முட்டி இப்ப எப்படி இருக்குது?" என்று தாய் கேட்டாள்.

"முட்டி இல்லீங்க," என்றாள் அம்சவல்லி, எல்லோர் காதிலும் விழும்படியாக. "மாரு. புத்து வந்து எடுத்துட்டாங்க. இப்ப புதுசு வைக்கப் போறாங்க." அந்த ஒல்லிப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தது. துப்பட்டாவைப் பிடித்திருந்த கைகளில் ஒன்று கீழே இறங்கியது.

பஸ் நெய்வேலி தாண்டும்போது ஆதிநாராயணன், "அன்னிக்கு எங்க அக்கா அப்படிப் பேசினப்ப நான் வாயத் தொறந்திருக்கணும்," என்றார். தொறந்திருக்கணும்தான் என்று அவளும் சொன்னாள். அவர் மடியில் இருந்த பொட்டலத்தைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

சித்திரையில் முதல் ஆபரேஷன் நடந்தது. கோடையெல்லாம் பாண்டிச்சேரிக்கும் விருத்தாசலத்துக்குமாகப் போய் வந்தார்கள். ஊசி போட்ட இரண்டு நாள் நெஞ்சு இழுத்துப் பிடித்து வலிக்கும். வலியோடு வலியாகக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வாள். ஐப்பசியில் நிலையானது வந்து உட்கார்ந்தது. முழுசாகப் பழையபடி என்று சொன்னால் பொய். தொட்டால் தெரியாது, கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், தழும்பும் போகவில்லை. ஆனால் குனிந்தால் ஒன்றும் கொட்டவில்லை. கம்பெனிக்குத் திரும்பிய அன்று பூவாயியிடமிருந்து ரவிக்கைச் சாயத்தை வாங்கிக்கொண்டாள். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு தட்டுப் பொம்மைக்குப் பூசி முடித்தாள். அவள் விளக்கை அணைப்பதும் நின்றுபோயிற்று.

அந்தப் பிளாஸ்டர் உருவத்தையும் ஆதிநாராயணன் வீணாக்கவில்லை. தன் பேச்சை நிரூபிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அதன்மேல் அச்சு எடுத்து, களிமண் குழம்பு ஊற்றி, குடைவாக ஒன்று எடுத்தார். நிற்பதற்கு அடியில் ஒரு வளையம் வைத்து, வெள்ளை மெருகு பூசி, பொம்மைகளோடு பொம்மையாகச் சூளையில் ஏற்றினார். வெந்து வந்ததை அவள் கையில் கொடுத்தார். அம்சவல்லி அதை வாங்கித் தன் வலது பக்கத்தில் கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். நூல் பிசகவில்லை. இந்த மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மறு வருஷம் மாசி மகத் தேருக்கு ஆராயி வந்தாள். அம்சவல்லி நேராக நிமிர்ந்து நடப்பதை மேலும் கீழும் பார்த்தாள். கேட்கவும் வாய் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. சமையல்கட்டில் அவளுக்குக் கண்ணில் பட்டது, கேழ்வரகு போட்டு வைத்திருந்த வெள்ளைக் கிண்ணம்.

"கிண்ணம் நல்ல வாட்டமா இருக்குதே! கம்பெனில புதுசா போட்டாங்களா?" ஆராயி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தம்பிகிட்ட சொல்லி எனக்கும் ஒண்ணு குடு அம்சா."

கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த ஆதிநாராயணனுக்குப் புரையேறியது.

அம்சவல்லி கிண்ணத்தை அவள் கையிலிருந்து பதமாக வாங்கி, முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். "இது விக்கிற சாமான் இல்ல அண்ணி," என்றாள். "ஒங்க தம்பி என் அளவுக்குன்னே செஞ்சது."